கறுப்பா, சில்வரா? கேமராவின் மேற்பூச்சைத் தேர்ந்தெடுத்தல்

கேமராவின் நிறம் என்று கடையில் சொல்லப்படுவது பெரும்பாலும் மேல்தட்டு, அடித்தட்டு இரண்டின் பூச்சை மட்டுமே குறிக்கும். சில்வர் கேமராவை வாங்கினாலும் அதன் கைப்பிடி, முன்பக்கத் தோலுறை, பின்திரையைச் சுற்றிய பகுதி எல்லாம் கறுப்பாகவே இருக்கும். லென்ஸும் அநேகமாகக் கறுப்புதான். சென்சாரிலோ ஷட்டரிலோ மின்சுற்றிலோ எந்த வேறுபாடும் கிடையாது. அந்த அளவில் இது சிறிய தேர்வு. ஆனால் வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் கரையில் படம் எடுப்பவருக்கு இதை வெறும் ரசனை என்று ஒதுக்கிவிட முடியாது. உப்புத் துளி, நிலக்கரித் தூள், அனல்மின் நிலையச் சாம்பல், படகுப் பட்டறையின் கிரைண்டர் பொறி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் பளிச்சென்று தெரியும், மற்றொன்றில் மறைந்துகொள்ளும். கண்ணில் படும் அழுக்கை அன்றைக்கே துடைத்துவிடுவார்கள். படாத அழுக்கு தங்கி அரிக்கும். இந்தக் கரையில் பூச்சைத் தேர்வதற்கு முதல் காரணம் அதுதான். அழகு அதற்குப் பிறகு.

பூச்சுக்கு அடியில் இருப்பது

பழைய ஃபிலிம் கேமராக்களில் சில்வர் என்பது முலாம். பித்தளைத் தகட்டில் செய்த மேல்தட்டின் மீது நிக்கல் ஏற்றி, அதன்மேல் மெல்லிய குரோம் படலம் ஏற்றினார்கள். கண்ணைக் கூசாத அந்த மங்கிய வெண்மை, முலாமுக்கு முன்பே தகட்டை நுண்ணிய சொரசொரப்பாக்கிக் கொள்வதால் கிடைத்தது. கறுப்பு என்பது அதே பித்தளையின் மேல் பூசி, அடுப்பில் சூடேற்றி இறுக வைத்த எனாமல் பெயின்ட். குரோம் கெட்டியானது, சாவிக்கொத்து உரசினாலும் எளிதில் கீறல் விழாது. எனாமல் மென்மையானது. விரல் படும் ஓரங்களில் தேய்ந்து, உள்ளிருக்கும் மஞ்சள் பித்தளை தலைகாட்டும். 1970களில் எனாமலுக்குப் பதிலாகக் கறுப்பு குரோம் முலாம் பரவலாக வந்தது. தேய்மானம் குறைந்தது, எனாமலின் ஆழ்ந்த மினுமினுப்பும் போயிற்று.

1976இல் வெளியான கேனான் ஏஇ-1 இன்னொரு மாற்றத்தைத் தொடங்கியது. பார்வைக்கு உலோகம் போலிருந்த அதன் மேல்தட்டு உண்மையில் பிளாஸ்டிக். இன்றைய டிஜிட்டல் கேமராக்களின் உடல் மக்னீசியம் கலப்புலோகமாக இருக்கும், அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காக இருக்கும். இரண்டின் மேலும் இருப்பது பெயின்ட்தான். சில்வர் என்ற பெயரில் இப்போது கிடைப்பவற்றில் பெரும்பான்மை குரோம் அல்ல, உலோகத் துகள் கலந்த சாயம். ஆகவே தாத்தா காலத்து சில்வர் கேமரா ஐம்பது ஆண்டு நின்றதை வைத்து இன்றைய சில்வரும் அப்படி நிற்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

விதிவிலக்கு உண்டு. 2022இல் வந்த லைகா எம்11 கேமராவின் கறுப்பு வடிவத்தில் மேல்தட்டு அலுமினியம், சில்வர் வடிவத்தில் குரோம் ஏற்றிய பித்தளை. முன்னது 530 கிராம், பின்னது 640 கிராம். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எடையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும் கேமரா அது. சந்தையில் இப்படிப்பட்டவை மிகக் குறைவு.

கறுப்பு தொழில்முறை நிறமான கதை

1925இல் விற்பனைக்கு வந்த முதல் லைகா கறுப்பு எனாமலும் நிக்கல் திருகுகளுமாக இருந்தது. 1930களில் குரோம் வந்ததும் அதுவே புதுமையின் அடையாளமாயிற்று. கறுப்பு பழையதாகவும், தேய்ந்தால் அசிங்கமாகவும் பார்க்கப்பட்டது. 1954இன் லைகா எம்3 கேமராவை வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வாங்கியது குரோம்தான். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தன் லைகாவின் பளபளப்பான பகுதிகளைக் கறுப்பு டேப்பால் மூடிக்கொண்டு தெருவில் இறங்கினார். பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் தேவையும் அதுவே. 1959இல் நிக்கான் எஃப் இரு நிறங்களிலும் வந்தபோது செய்தியாளர்கள் கறுப்பை எடுத்தார்கள். கறுப்பு குறைந்த எண்ணிக்கையில் தயாரானது, விலையும் சற்றுக் கூடுதல். கறுப்பு என்றால் தொழில்முறை என்ற எண்ணம் இப்படித்தான் வேர் பிடித்தது. உள்ளே இருந்த எந்திரம் ஒன்றேதான்.

வடசென்னைக்கு இந்தக் கதை வந்து சேர்ந்த வழி துறைமுகம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் ராஜாஜி சாலையோரம் உருவான பர்மா பஜார், இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டுக் கேமராவைக் கண்ணால் பார்க்கவும் பேரம் பேசவும் கிடைத்த இடம். அந்தக் காலத்து யாஷிகா எலக்ட்ரோ 35 வரிசையில் ஒரே கேமரா குரோமில் ஜிஎஸ்என் என்றும், கறுப்பில் ஜிடிஎன் என்றும் இரண்டு பெயரில் வந்தது. எழுத்து மாறியதால் வேறு மாடல் என்று எண்ணியவர்கள் உண்டு. பழைய கேமரா தேடுபவர் இன்றும் அந்த இரண்டுக்கும் இடையே தயங்கத் தேவையில்லை. நிறத்தைத் தவிர வேறு பிரிவு இல்லை.

1978இன் கேனான் ஏ-1 கறுப்பில் வந்தது. 1985க்குப் பின் தானியங்கி ஃபோகஸ் கேமராக்களும் கறுப்பு பிளாஸ்டிக்கிலேயே வந்ததால் சில்வர் ஏறக்குறைய மறைந்தது. 2003இல் கேனான் இஓஎஸ் 300டி மலிவு விலை டிஎஸ்எல்ஆராகச் சில்வர் பிளாஸ்டிக்கில் வந்தபோது, சில்வர் என்றால் கற்றுக்குட்டியின் கேமரா என்ற புதிய பெயர் ஒட்டிக்கொண்டது. 2011இல் கடைக்கு வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 அதைத் துடைத்தது. பழைய ஃபிலிம் கேமராவின் தோற்றத்தை விரும்பியவர்கள் சில்வருக்குத் திரும்பினார்கள். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி5, நிக்கான் இசட்-எஃப்சி, சோனி ஏ7சி முதலியவை இரு நிறங்களிலும் வந்ததற்கு அந்த விருப்பமே காரணம். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பு தலைகீழாக மாறும் ஒரு விஷயத்தில், எது ‘தொழில்முறை’ என்ற கேள்விக்கு நேரம் செலவிடுவது வீண்.

படத்தில் தெரியுமா

பெரும்பாலும் தெரியாது. தெரியும் இடங்கள் இரண்டு மூன்றுதான், எல்லாமே எதிரொளிப்பு சம்பந்தப்பட்டவை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று எடுக்கும்போது, உதாரணமாக விம்கோ நகர் மெட்ரோ ரயில் பெட்டியின் சன்னலிலிருந்தோ விசைப்படகின் சுக்கான் அறைக்குள்ளிருந்தோ எடுக்கும்போது, சில்வர் உடலின் முன்விளிம்பு கண்ணாடியில் வெண்கோடாக விழும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் அந்தக் கோடும் போய்விடும். எவர்சில்வர் பாத்திரம், நகை, அப்போதுதான் பெட்டியில் கொட்டிய வஞ்சிரம் போன்ற பளபளக்கும் பொருளை மிக நெருங்கி எடுக்கும்போது, கேமராவின் உருவம் பொருளின் மேல் விழுந்து படத்தில் பதியும். அங்கே கறுப்பு உதவும். ஆனால் எடுப்பவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் கறுப்புக் கேமராவால் பயனில்லை. பொருள்களைப் படம்பிடிப்பதே தொழிலாகக் கொண்டவர் கறுப்பை வாங்குவது சரி. மற்றவர்கள் இதை முன்னிட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை.

நண்பகலில் கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்துக் குனிந்து பார்க்கும் பழக்கம் உள்ளவருக்குச் சில்வர் மேல்தட்டின் கூச்சம் தொந்தரவு தரும். கறுப்பு உடலில் வெள்ளை எழுத்துகள் அந்த வெயிலிலும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும்.

வெயில்

கறுப்பு சூடாகும், ஆகவே சென்னைக்குச் சில்வர்தான் என்ற வாதம் அடிக்கடி கேட்கும். வாதத்தில் உண்மை இருக்கிறது. அளவு மட்டும் மிகைப்படுத்தப்படுகிறது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. கேமராவின் மேல்தட்டு 13 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் என்று வைத்தால் அதன்மேல் விழுவது சுமார் 5 வாட். கறுப்பு அதில் பெரும்பகுதியை உள்வாங்கும், சில்வர் சாயம் ஏறத்தாழ பாதியை. வித்தியாசம் இரண்டு வாட் சொச்சம். அதே கேமராவில் வீடியோ ஓடும்போது உள்ளே உண்டாகும் வெப்பம் இதைவிடப் பல மடங்கு. 16 வாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்றரை மணி நேர வீடியோவில் தீர்கிறது என்றால், அந்த நேரம் முழுக்கப் பத்து வாட்டுக்கு மேல் கேமராவுக்குள்ளேயே வெப்பமாக மாறிக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலான கேமராக் கையேடுகள் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை பயன்படுத்தச் சொல்கின்றன. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. கத்திரி வெயிலில் 40ஐத் தாண்டுவது புதிதல்ல. அதாவது சில நாள்களில் நிழலில் வைத்த சில்வர் கேமராகூடக் கையேட்டின் எல்லைக்கு வெளியே இருக்கும். ஃபைபர் படகின் பலகை மேல் கேமராவை வைத்துவிட்டு வலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நிறம் கைகொடுக்காது, ஈரத் துண்டு ஒன்றை நிழலாகக் கட்டிக்கொள்வது கைகொடுக்கும்.

நிறத்தால் வெப்பத்தைத் தடுப்பது உண்மையிலேயே பலன் தரும் இடம் பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ். சேப்பாக்கம் மைதானத்தின் எல்லைக்கோட்டருகே வரிசையாகத் தெரியும் வெள்ளை லென்ஸ்கள் அதற்காகவே வெள்ளை. அவற்றில் சிலவற்றில் உள்ள ஃபுளோரைட் படிகம் வெப்பத்தில் சாதாரணக் கண்ணாடியைவிட அதிகமாக விரிவடைவதால் ஃபோகஸ் நகரும். பரப்பும் பெரிது. கையடக்கக் கேமராவுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

உப்பு, கரி, சாம்பல்

காசிமேட்டுக் கரையிலும் திருவொற்றியூரின் தூண்டில் வளைவுகளிலும் அலை கல்லில் மோதித் தெறிக்கும் துளி, கண்ணுக்குத் தெரியாத சாரலாக நெடுந்தூரம் பறக்கும். காய்ந்ததும் வெண்புள்ளியாகப் படியும். கறுப்புக் கேமராவில் இது மாவு தூவியது போலத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் துடைக்கத் தோன்றும். சில்வரில் அதே உப்பு அதே அளவு இருந்தாலும் புலப்படாது. இரவின் ஈரத்தில் உப்பு மறுபடி நீர் கோத்துத் திருகுகளின் ஓரத்திலும் டயல்களின் இடுக்கிலும் இறங்கும். அங்கேதான் சேதம் தொடங்குகிறது. மக்னீசியம் உப்புநீரில் மிக விரைவாக அரியும் உலோகம். பூச்சு பெயர்ந்த இடத்தில் எஃகுத் திருகு அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு இன்னும் வேகமெடுக்கும். பூச்சு குமிழியிட்டு, அடியில் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய பித்தளைக் கேமராவில் இதே நிலையில் பச்சைக் களிம்பு தோன்றும். குரோம் முலாம் பார்க்க முழுமையாக இருந்தாலும் அதில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். உப்பு அவற்றின் வழியே இறங்கி உள்ளிருந்து அரிக்கும். களிம்பைச் சுரண்டினால் துளை பெரிதாகும். மரக்குச்சியால் மெல்ல எடுத்து, துடைத்து, உலர வைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கடலை ஒட்டியே வேலை செய்பவருக்குக் கறுப்பு சரியென்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் எண்ணூருக்குப் போனால் கணக்கு மாறுகிறது. 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவை அடுத்துச் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி வேலை எண்ணூருக்கு மாறியது. ராயபுரத்து வீடுகளின் மாடியில் படிந்துவந்த கரித்தூள் குறைய, எண்ணூரின் காமராஜர் துறைமுகத்தைச் சுற்றிய சாலைகளில் அது கூடியது. நிலக்கரித் தூள் கறுப்புக் கேமராவில் முற்றிலும் மறைந்துவிடும். உப்பைப் போல அரிக்காது என்றாலும் அது சொரசொரப்பானது. தெரியாமல் துணியால் அழுத்தித் துடைத்தால் பூச்சிலும் பின்திரையிலும் மெல்லிய கோடுகள் விழும். சில்வரில் அது முதல் பார்வையிலேயே தெரியும்; ஊதிவிட்டுத் துடைக்கலாம்.

சாம்பல் அதற்கு நேர்மாறு. வடசென்னை, வள்ளூர் அனல்மின் நிலையங்களின் உலர்சாம்பல் வெளிர்சாம்பல் நிறம், தொட்டால் முகப்பவுடர் மாதிரி நுண்மையானது. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்த சேற்றில் நின்று எடுத்த பிறகு சில்வர் கேமரா சுத்தமாகவே தோன்றும். டயலைத் திருப்பும்போது நறநறவென்று கேட்கும் சத்தம்தான் உண்மையைச் சொல்லும். கறுப்பில் ஒவ்வொரு விரல் தடமும் கோலம் போட்டதுபோல் தெரியும். எனவே எண்ணூரை மட்டும் வைத்து நிறத்தைத் தேர்வது கடினம். நிலக்கரி சாலையோரமா, ஆற்றின் கழிமுகமா, எங்கே அதிக நேரம் செல்கிறது என்பதை வைத்தே சொல்ல முடியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும். படம் எடுக்க அருமையான காலம், கேமராவுக்குக் கெட்ட காலம். கிரைண்டரிலிருந்து தெறிக்கும் சூடான இரும்புத் துகள் சாயத்தில் பதிந்து, இரண்டொரு நாளில் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளியாகும். சில்வரில் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும், கறுப்பில் கிட்டத்தட்டத் தெரியாது. சாயத்தின் மேல்பரப்போடு நிற்கும் புள்ளி என்பதால் இது ஆபத்தானதல்ல, அழகுக் குறைவுதான். படகுக்கு அடிக்கும் பெயின்ட்டின் தூவானமும் அப்படியே. நீலமும் சிவப்புமான அந்தத் துளிகளைத் தின்னர் தொட்டுத் துடைத்தால் துளியோடு கேமராவின் சாயமும் வந்துவிடும்.

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும் அங்கே வேலை செய்த கேமராக்கள் பிசுக்கோடு திரும்பின. எண்ணெய்ப் பிசுக்கு சில்வரில் தெரியும், கறுப்பில் வெறும் பளபளப்பாகத் தோன்றும். எந்த நிறமானாலும் மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் மூன்றும் ஆகாது. அவை ரப்பர் பிடியை ஊற வைத்துக் கழற்றிவிடும், எழுத்துகளையும் அழித்துவிடும். துளி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் பிசுக்கை இளக்கி, சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பது போதும். உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர். குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில், உலர்ந்த துணியால் அடுத்து. வடசென்னையின் பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பு என்பதால் இங்கே குடிதண்ணீர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேய்மானம்

கீறல் எந்த நிறத்தில் மறையும் என்பது பூச்சின் அடியில் இருப்பதைப் பொறுத்தது. மக்னீசிய உடலில் சில்வர் சாயம் பெயர்ந்தால் அடியில் தெரிவதும் வெள்ளிச் சாம்பல் நிறமே. அதனால் கீறல் கண்ணில் படாது. கறுப்பு பெயர்ந்தால் பளிச்சென்று தெரியும். பிளாஸ்டிக் உடலில் இது தலைகீழ். கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் சில்வர் சாயம் அடித்த கேமராக்களில் கட்டைவிரல் படும் இடமும் வார் உரசும் இடமும் தேய்ந்து கறுப்புத் திட்டுகள் வெளிப்படும். 2000களின் சில்வர் டிஎஸ்எல்ஆர் எதையும் இன்று கையில் எடுத்தால் இதைப் பார்க்கலாம். கறுப்புப் பிளாஸ்டிக் தேய்ந்தாலும் கறுப்பே. மினுமினுப்பு மட்டும் ஏறும். ஆகவே வாங்கும் மாடலின் விவரக் குறிப்பில் மக்னீசியம் என்று இருந்தால் சில்வர் பழசாகத் தெரிய நாளாகும். பிளாஸ்டிக் என்றால் கறுப்பை எடுப்பது புத்திசாலித்தனம். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவரைப் பொறுத்தவரை கையில் எந்த நிறம் இருக்கிறதோ அதுவே நல்லது.

பித்தளை தெரியும் பழைய கறுப்புக் கேமராவை விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அது தனி மோகம். மக்னீசியத்தில் அந்த மஞ்சள் வராது, வருவது வெறும் சாம்பல் தழும்பு.

ஆயுத பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் அன்று கேமராவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். குங்குமத்தின் சாயம் சில்வர் உடலின் செதுக்கெழுத்துகளில் இறங்கினால் எளிதில் போகாது. நுண்ணிய சொரசொரப்புள்ள பழைய குரோமில் இளஞ்சிவப்புத் திட்டாகவே நின்றுவிடும். கறுப்பில் சந்தனம் காய்ந்து இடுக்குகளில் வெள்ளையாகத் தங்கும். வாரின் தோல் பட்டையிலோ லென்ஸ் மூடியிலோ பொட்டு வைத்தால் பூஜையும் நடக்கும், கேமராவும் தப்பும்.

மனிதர்கள் பார்வையில்

காசிமேட்டு ஏலம் விடியலுக்கு முன்பே களைகட்டிவிடும். பெட்டி தூக்குபவர், ஐஸ் உடைப்பவர், ஏலம் கூறுபவர், கூடையோடு காத்திருக்கும் பெண்கள் என்று இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் கேமராவின் நிறத்தைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. பொழுது புலர்ந்ததும் ஒரு வித்தியாசம் தெரியும். கிழக்கு பார்த்த கரை இது. திரும்பி வரும் படகுகளை எடுப்பவர் சூரியனை நோக்கி நிற்கிறார். சில்வர் மேல்தட்டின் மேல் விழும் வெளிச்சம் படகிலிருப்பவர் கண்ணில் மின்னலாய் அடிக்கும். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இயல்பான முகம் வேண்டும் என்பவருக்கு அது இழப்பு. கழிமுகத்தில் கொக்கு, நாரை எடுப்பவருக்கு இழப்பு இன்னும் பெரிது. பறவைகளுக்குத் திடீர் மின்னல் பிடிக்காது.

நிறம் சொல்லும் இன்னொரு செய்தி உண்டு. பெரிய கறுப்புக் கேமரா என்றால் ‘பிரஸ்ஸா, எந்த டிவி?’ என்ற கேள்வி வரும். எண்ணெய்க் கசிவும் வாயுக் கசிவும் செய்தியான ஊர்களில் அந்தக் கேள்விக்குப் பின்னால் நம்பிக்கையும் சலிப்பும் சேர்ந்தே இருக்கும். சிலர் தங்கள் குறையைச் சொல்ல முன்வருவார்கள். எடுத்துக்கொண்டு போய் என்ன ஆகிவிட்டது என்று முகம் திருப்புபவர்களும் உண்டு. சிறிய சில்வர் கேமராவைப் பார்த்தால் ‘பழைய ரோல் கேமராவா அண்ணா, இன்னும் ஃபிலிம் கிடைக்குதா?’ என்று பேச்சு தொடங்கும். தெருவிலும் வீட்டு வாசலிலும் ஆள்களை எடுப்பவருக்கு அந்தப் பேச்சு பெரிய உதவி. கார்த்தியே-பிரெசோன் காலத்துப் பாரிஸில் சில்வர் கவனத்தை ஈர்த்தது. இன்றைய திருவொற்றியூர் தேரடியில் பயமுறுத்தாமல் இருப்பது சில்வர்தான். கல்யாணப் படம் எடுப்பவரின் நிலை வேறு. சின்ன சில்வர் கேமராவோடு மண்டபத்துக்குள் நுழைந்தால் பெண் வீட்டார், ‘மெயின் கேமரா எப்ப வரும்?’ என்று கேட்பார்கள்.

துறைமுக வேலிக்குள் எந்த நிறமும் உதவாது. சென்னைத் துறைமுகமும் காமராஜர் துறைமுகமும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ளவை. அனுமதி இல்லாமல் உள்ளே படம் எடுக்க முடியாது. கண்ணில் படாத கறுப்புக் கேமரா இருக்கிறதே என்று வேலியோரம் ஒளிந்து எடுப்பவர், வெளிப்படையாக நின்று எடுப்பவரைவிட அதிகச் சந்தேகத்துக்கு ஆளாவார்.

லென்ஸ், விலை, பழைய கேமரா

சில்வர் உடலுக்குச் சில்வர் லென்ஸ் எல்லா அளவிலும் கிடைக்காது. ஃபியூஜிஃபில்மின் சிறிய எஃப்2 லென்ஸ்கள், ஒலிம்பஸின் சில பிரைம் லென்ஸ்கள், நிக்கான் இசட்-எஃப்சியோடு வரும் 16-50 போன்றவை உண்டு. பெரிய ஜூமுக்குப் போனால் கறுப்பு மட்டுமே. சில்வர் உடலில் கறுப்பு லென்ஸ் உறுத்தாது. கறுப்பு உடலில் சில்வர் லென்ஸ் பலருக்கு உறுத்தும். இரண்டு லென்ஸ் வாங்கியபின் உடலை மாற்றும் எண்ணம் உள்ளவர் லென்ஸையாவது கறுப்பில் வாங்கிக்கொள்வது பின்னாளில் வசதி.

புதிய கேமராவில் இரு நிறங்களுக்கும் பொதுவாக ஒரே விலை. ஒரு நிறம் கையிருப்பில் இல்லாதபோது காத்திருப்பதா என்ற கேள்விதான் வரும். நிறத்துக்காகத் தள்ளுபடியை விடுவது அரிதாகவே நியாயம்.

பழையதில் நிலைமை வேறு. அசல் கறுப்பு எனாமல் கொண்ட பழைய கேமராவுக்குக் கூடுதல் விலை கிடைப்பதால், குரோமைச் சுரண்டிக் கறுப்படித்து விற்பதும் நடக்கிறது. செதுக்கெழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தால், திருகின் பிளவுக்குள் பெயின்ட் புகுந்திருந்தால், தேய்ந்த இடத்தில் பித்தளைக்குப் பதில் வெண்முலாம் எட்டிப் பார்த்தால், அது மறுபெயின்ட். டிஜிட்டல் கேமராவில் சில்வர் மக்னீசிய உடல் வயதைக் காட்டாது என்பதை விற்பவரும் அறிவார். கடற்கரைக் கேமராவின் உண்மை வயதைச் சொல்பவை நான்கு: பேட்டரி அறையின் தொடுமுனைகள், ஃபிளாஷ் செருகும் தடம், அடித்தட்டின் திருகுகள், வார் மாட்டும் வளையம். இவற்றில் பச்சையோ பழுப்போ இருந்தால் மேல்தட்டு எவ்வளவு மின்னினாலும் விட்டுவிடலாம். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் இந்த ஊரில் கட்டாயம்.

வாங்கிய பிறகு நிறத்தை மாற்றுதல்

சில்வரை வாங்கிவிட்டு மின்னல் தொந்தரவாக இருக்கிறது என்பவர் கறுப்பு டேப் ஒட்டலாம். எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப் சென்னை வெயிலில் பசை கசிந்து ஓரமெல்லாம் பிசுபிசுக்கும். சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் துணி டேப் மேலானது, சுத்தமாக உரியும். கேமராவின் அளவுக்கு வெட்டி விற்கும் வினைல் ஸ்கின் கீறலிலிருந்து காக்கும், நிறத்தையும் மாற்றும். ஆனால் அதன் விளிம்புக்கடியில் உப்பும் ஈரமும் புகுந்து தங்குவதால் கடலோரத்தில் வேலை செய்பவர் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் ஒரு மூலையை உரித்துப் பார்க்க வேண்டும். டேப்பானாலும் ஸ்கின்னானாலும் மைக் துளைகளையும், வெப்பம் வெளியேறும் பின்பக்கத்தையும் மூடக் கூடாது.

மறுபெயின்ட் அடிப்பது பித்தளைத் தட்டு கொண்ட ஃபிலிம் கேமராவுக்கு மட்டுமே பொருந்தும். தட்டைக் கழற்ற முடிந்த ரிப்பேர்காரர் வேண்டும். பழைய முலாமை முழுவதும் எடுத்த பிறகே பெயின்ட் பிடிக்கும், சூடேற்றி இறுக வைக்காத பெயின்ட் சில மாதத்தில் விரல் வியர்வையில் உரியும். மக்னீசிய உடலை இப்படிச் சுரண்டினால் அரிப்பைத் தடுக்கும் அடிப்படலமும் சேர்ந்து போய்விடும். கூடவே உத்தரவாதமும் ரத்தாகலாம். டிஜிட்டல் கேமராவில் நிறம் பிடிக்கவில்லை என்றால் அதை விற்றுவிட்டு மற்ற நிறத்தில் வாங்குவது மறுபெயின்ட்டைவிடச் செலவு குறைந்த வழி.